எந்த லேப்டாப் உழைக்கும்? கேள்வி பதில்

லேப்டாப் வாங்குவது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில்கள் இவை. நான் பழுது பார்ப்பவன். புதிதாய்ப் பளபளக்கும்போது எப்படி இருக்கிறது என்பதைவிட, நாலு வருஷம் கழித்து எப்படி இருக்கிறது என்பதே என் கண்ணில் படும்.

கேள்வி: டெல், எச்பி, லெனோவோ மூன்றில் எது நம்பகமானது சார்?

கம்பெனியைக் கேட்காதீர்கள், வரிசையைக் கேளுங்கள். மூன்று கம்பெனிகளுமே அலுவலகங்களுக்கு ஒரு வரிசையும் வீட்டுக்கு ஒரு வரிசையும் போடுகின்றன. டெல்லில் லாட்டிட்யூட் (2025 முதல் டெல் ப்ரோ என்று பெயர் மாறியது), எச்பியில் எலைட்புக், லெனோவோவில் திங்க்பேட் ஆகியவை அலுவலக ரகம். இன்ஸ்பிரான், பெவிலியன், ஐடியாபேட் வீட்டு ரகம். ஒரே கம்பெனியின் இரண்டு ரகங்களுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம், இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே இருப்பதைவிடப் பெரிது.

வித்தியாசம் முதலில் தெரிவது ஹிஞ்சில், அதாவது மூடியை உடம்போடு இணைக்கும் கீலில். எந்தக் கம்பெனியானாலும் மலிவு மாடல்கள் பலவற்றில், ஹிஞ்சைப் பிடிக்கும் திருகு பிளாஸ்டிக்கில் பதித்த சின்னப் பித்தளை நட்டுக்குள் இறங்கும். நாளாக ஆக ஹிஞ்ச் இறுகும். மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நட்டை மேலே இழுக்கும். ஒருநாள் நட்டு பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வந்துவிடும், திரையின் கீழ் ஓரம் வாயைப் பிளக்கும். "ஹிஞ்ச் உடைஞ்சுபோச்சு" என்று கொண்டு வருவார்கள். ஹிஞ்ச் நன்றாகத்தான் இருக்கும், போனது அதைப் பிடித்திருந்த பிளாஸ்டிக். வாங்கும் முன் மூடியின் ஒரு மூலையை மட்டும் பிடித்துத் திறந்து பாருங்கள். மூடி முறுக்கிக்கொண்டு வந்தால் அதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஐ5 வாங்கலாமா, ஐ7 வாங்கலாமா? ரைசன் எப்படி?

ஐ5, ஐ7 இன்டெல் கம்பெனியின் பிராசஸர்கள், ரைசன் ஏஎம்டி கம்பெனியுடையது. அந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. மாடல் எண்ணின் கடைசியில் வரும் எழுத்தையும் பாருங்கள். 'யூ' என்றால் மின்சாரம் குறைவாக எடுக்கும் ரகம், 'எச்' என்றால் வேகத்துக்கான ரகம். ஒரே தலைமுறையில் ஐ5 எச், கனமான வேலையில் ஐ7 யூவை முந்துவது சாதாரணம்.

ரைசனில் குழப்பம் இன்னும் அதிகம். ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரித் தெரியும். முதலாவது ஜென் 2 என்ற பழைய கட்டமைப்பு, நாலு கோர் (பிராசஸருக்குள் வேலை செய்யும் தனித்தனி அலகு). இரண்டாவது ஜென் 3, ஆறு கோர். 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் கட்டமைப்பைச் சொல்லும். ஜென் 2 வெளிவந்தது 2019இல். அட்டைப்பெட்டியில் இதை யாரும் பெரிதாய் அச்சடிக்க மாட்டார்கள்.

கேள்வி: இப்போது 8 ஜிபி ரேம் வாங்கி, பிறகு கூட்டிக்கொள்ளலாமா அண்ணா?

ரேமைச் செருகும் ஸ்லாட் இருந்தால் கூட்டலாம் தம்பி. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேமைப் போர்டோடு சால்டர் செய்து பற்றவைத்துவிடுகிறார்கள், அதை மாற்ற வழியில்லை. விவரப் பட்டியலில் 'எல்பிடிடிஆர்' (LPDDR) என்றிருந்தால் பெரும்பாலும் அந்தக் கதைதான். அப்படியானால் முதலிலேயே 16 ஜிபி வாங்கிவிடுங்கள். பிராசஸரில் ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை.

கேள்வி: மேக்புக் கொடுக்கிற காசுக்குத் தகுமா?

பல வருஷம் வைத்திருப்பவருக்குத் தகும். 2020இல் வந்த, எம்1 சிப் உள்ள மேக்புக் ஏரில் ஃபேனே கிடையாது, அதனால் தூசி அடைத்துச் சூடேறும் தொல்லை இல்லை. பேட்டரியை 1000 சார்ஜ் சுற்றுக்குக் கணக்கிட்டிருக்கிறார்கள். விற்கப் போனாலும் விலை நிற்கும். ஆனால் ரேமும் சேமிப்பும் வாங்கிய நாளில் உள்ளதுதான், ஏரில் பிறகு கூட்ட முடியாது. ஆப்பிள் என்றாலே அப்பழுக்கில்லை என்றும் நினைக்க வேண்டாம். 2015 முதல் 2019 வரை வந்த பட்டர்ஃபிளை என்ற மெல்லிய ரகக் கீபோர்டுக்கு அவர்களே இலவச சர்வீஸ் திட்டம் அறிவிக்க வேண்டி வந்தது.

கேள்வி: பெட்டியில் 'மிலிட்டரி கிரேடு' என்று போட்டிருக்கிறதே?

அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் மில் எஸ்டிடி 810 என்பது அமெரிக்க ராணுவம் வகுத்த பல சோதனைகளின் தொகுப்பு. எதெதைச் செய்வது என்று கம்பெனியே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: பழைய திங்க்பேட் வாங்குவது புத்திசாலித்தனமா?

என்னைக் கேட்டால், அதே காசுக்கு வரும் புது மலிவு லேப்டாப்பைவிட இதுதான் மேல். ஆனால் மூன்றைப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

முதலாவது பிராசஸர். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. 11க்கு இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். அடுத்தது பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு. உள்ளே போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டாலோ, விண்டோஸைப் புதிதாய்ப் போடும்போது ஏதோ கம்பெனியின் பெயரோடு லாகின் பக்கம் வந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய அலுவலகத்தின் பிடி இன்னும் விடவில்லை என்று அர்த்தம். விற்பவர் "அதெல்லாம் எடுத்துடலாம்" என்பார். எடுத்துவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் பேட்டரி. விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கலாம். அதில் டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் பிடித்தது) 50,000 என்றும் ஃபுல் சார்ஜ் (இப்போது பிடிப்பது) 28,000 என்றும் இருந்தால் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மிச்சம். அது பெரிய குறையில்லை, புது பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

கேள்வி: ஒரே கிராஃபிக்ஸ் கார்டு, இரண்டு கேமிங் லேப்டாப், விலையில் இவ்வளவு வித்தியாசம் ஏன்?

கார்டுக்கு எத்தனை வாட் மின்சாரம் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4060 கார்டை 35 வாட்டிலும் ஓட்டலாம், 115 வாட்டிலும் ஓட்டலாம். பெயர் ஒன்று, வேகம் வேறு. மெல்லிய உடம்பில் வாட் குறைவாகத்தான் இருக்கும்.

கேள்வி: எப்போதும் சார்ஜரில் செருகியே வைத்தால் கெட்டுப்போகுமா?

நூறு சதவீதத்தில், சூட்டோடு கிடந்தால் பேட்டரி சீக்கிரம் தளரும். லெனோவோ, டெல், ஆசுஸ் மாடல்கள் பலவற்றில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். டச்பேட் மேலே எழும்பினாலோ கிளிக் ஆகாமல் போனாலோ அடியில் பேட்டரி உப்பியிருக்கலாம். அப்போது சார்ஜரைக் கழற்றுங்கள், அழுத்திப் பார்க்க வேண்டாம், அன்றைக்கே பேட்டரியை மாற்றக் கொடுங்கள்.