சூரிய காரும் ஈட்டியெறி கோலும் ஒரே பாடத்திலா?

கேள்வி: மெல்போர்னில் ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் பள்ளியில், சூரிய மின்தகடு பொருத்திய சிறிய கார் ஒன்றைச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அதே பாடத்தின் கீழ், பூர்வகுடி மக்கள் ஈட்டி எறியப் பயன்படுத்தும் ‘வூமெரா’ என்ற கோலையும் செய்து பார்க்க வேண்டுமாம். ஒன்று நாளைய தொழில்நுட்பம், மற்றொன்று அருங்காட்சியகப் பொருள். இரண்டையும் ஏன் கலக்கிறார்கள்? அறிவியலுக்கான நேரம் கைவேலையில் கழிகிறதோ என்று கவலையாக இருக்கிறது.
– ஒரு வாசகி, மெல்போர்ன்

பதில்: ஆஸ்திரேலியத் தேசியப் பாடத்திட்டம், எல்லாப் பாடங்களிலும் இழையோட வேண்டியவை என மூன்று கருப்பொருள்களை வகுத்திருக்கிறது. பூர்வகுடி மற்றும் டோரஸ் நீரிணைத் தீவு மக்களின் வரலாறும் பண்பாடும் அவற்றில் ஒன்று. சுற்றுச்சூழலைக் கெடுக்காத வாழ்க்கைமுறை மற்றொன்று. ஆசியாவுடனான உறவு மூன்றாவது. முதல் இரண்டையும் ஒரே செயல்திட்டத்தில் அடக்குவது ஆசிரியருக்கு வசதி என்பது உண்மைதான். ஆனால் உங்கள் மகளின் பாடத்தில் அதைவிட நல்ல காரணம் ஒன்று இருக்கிறது.

வூமெரா ஒரு நெம்புகோல். ஈட்டியின் பின்முனை அதன் கொக்கியில் பொருந்தியதும், எறிபவரின் கையே அந்தக் கோலின் அளவுக்கு நீண்டுவிட்டதுபோல் ஆகிறது. மணிக்கட்டின் சிறிய அசைவு கோலின் நுனியில் பெரிய வேகமாக மாறுகிறது. விசையை விட்டுக்கொடுத்து வேகத்தைப் பெறும் இந்தப் பேரத்தைத்தான், சூரிய காரின் பற்சக்கரங்களைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் மகள் மறுபடியும் சந்திப்பாள். வேகமாக ஓடவைக்கும் சக்கர விகிதம் புறப்படும்போது திணறும். எளிதாகப் புறப்படவைக்கும் விகிதம் பிறகு வேகம் எடுக்காது. மேற்குப் பாலைவனப் பகுதியில் வூமெரா அகன்ற தட்டுப்போல் செதுக்கப்பட்டது. அதன் கைப்பிடியில் பிசினால் ஒட்டிய கற்சில்லு கத்தியாகப் பயன்பட்டது. அதன் விளிம்பை மரத்தில் வைத்துத் தேய்த்தால் நெருப்பும் பிறந்தது. சுமக்கும் பொருள்களைக் குறைத்தாக வேண்டிய நிலத்தில், ஒரே மரத்துண்டை இத்தனை வேலைக்கு வாங்குவதற்குப் பொறியியல் என்றுதான் பெயர்.

அருங்காட்சியகப் பொருள் என்ற சொல்லையும் மறுக்க வேண்டியிருக்கிறது. உங்கள் மாநிலத்தின் தென்மேற்கில் உள்ள பட்ஜ் பிம் பகுதியில், குண்டிட்ச்மரா மக்கள் எரிமலைப் பாறைகளை அடுக்கி வாய்க்கால்களும் தடுப்புகளும் அமைத்து, பறி வைத்து விலாங்கு மீன் பிடித்தார்கள். அந்த அமைப்பின் மிகப் பழைய பகுதிக்கு ஏறத்தாழ 6,600 ஆண்டு வயது. 2019இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமானது. அங்கே எரிபொருள் கிடையாது, நிலத்தின் சரிவும் வெள்ளமுமே வேலை செய்கின்றன. ஐம்பது டாலர் நோட்டில் நீங்கள் அன்றாடம் பார்க்கும் பூர்வகுடிக் கண்டுபிடிப்பாளர் டேவிட் யுனைபோன், 1909இல் ஆட்டுமயிர் கத்தரிக்கும் கருவிக்கு மேம்பாடு கண்டவர். பூமராங் பறக்கும் முறையை வைத்து ஹெலிகாப்டரைப் பற்றிச் சிந்தித்தவரும் அவரே.

எனினும் உங்கள் கவலை வீணானதல்ல. அட்டையில் கோல் வெட்டி வண்ணம் தீட்டுவதோடு வகுப்பு முடிந்தால் அது கைவேலைதான். ஆகவே இரண்டைக் கேட்டறியுங்கள்: கோல் கொண்டும் வெறுங்கையாலும் எறிந்து தூரத்தை அளக்கிறார்களா? பூர்வகுடிச் சமூகத்தவர் எவரேனும் வந்து கற்பிக்கிறாரா, குறைந்தபட்சம் அவர்களின் ஒப்புதலோடு நடக்கிறதா? ஒரு சமூகத்தின் கருவியை அவர்களைக் கேட்காமல் பாடமாக்குவது அறிவியலுக்கும் அழகல்ல, மரியாதைக்கும் அழகல்ல.

வீட்டில் நீங்களும் உதவலாம். மின்தகட்டை, மின்னோட்டத்தை அளக்கும் மல்டிமீட்டரில் இணைத்து, வடக்கு நோக்கிச் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். சென்னையில் தெற்கு நோக்கி வைத்துப் பழகிய நம்மவருக்கு இது சற்றுத் தலைகீழாகத் தோன்றும். பிறகு தகட்டில் உள்ள சூரிய மின்கலங்களில் ஒன்றை மட்டும் விரலால் முழுமையாக மறைக்கச் செய்யுங்கள். கலங்கள் தொடராக இணைந்திருப்பதால், தகடு முழுவதன் மின்னோட்டமும் சரிவதை அவளே கண்டு, ஏன் என்று உங்களைக் கேட்பாள்.