பழைய டீசல் ரயில் இன்ஜினை மீட்டெடுக்கும் தன்னார்வ வேலையில் உண்மையில் என்ன செய்வார்கள்? பொறியியல் படிக்காதவர் சேர முடியுமா?

முடியும். நான் சேர்ந்த அன்று எனக்கு ஸ்பேனர் அளவுகூடச் சரியாகப் பார்க்கத் தெரியாது. வாரத்தில் ஐந்து நாள் டேட்டாபேஸோடு மல்லுக்கட்டுவது என் பிழைப்பு. ஆறு வருடமாகச் சனிக்கிழமைகளில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு சின்ன ரயில் அருங்காட்சியகத்துக்குப் போய்க் கையைக் கறுப்பாக்கிக்கொண்டு வருகிறேன். அங்கே சம்பளக்காரர் ஒருவர்கூடக் கிடையாது. டிக்கெட் கொடுப்பவர், தண்டவாளத்துக் கட்டை மாற்றுபவர், கழிப்பறை கழுவுபவர் எல்லாரும் தன்னார்வலர்கள்தான். பெயரைச் சொல்லப்போவதில்லை. எங்கள் அசட்டுத்தனங்களையும் சேர்த்து எழுதப்போகிறேன் என்பதால்.

முதல் பாதிக் கேள்விக்குச் சுருக்கமான பதில்: இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இருப்போம். கிண்டலுக்குச் சொல்லவில்லை. எங்கள் ஐந்து வருட வேலையில் முக்கால்வாசி, யாரும் ஆசைப்பட்டு அந்தப் பொத்தானை அமுக்கிவிடாமல் பார்த்துக்கொண்டதுதான்.

எங்களிடம் இருப்பது 1951-இல் செய்த ஜிபி7. ஜெனரல் மோட்டார்ஸின் எலக்ட்ரோ மோட்டிவ் பிரிவு (சுருக்கமாக இஎம்டி) தயாரித்தது. 1949-இலிருந்து 1954-க்குள் இந்த மாடலில் 2,700-க்கும் மேல் செய்து தள்ளினார்கள். ஜிபி என்றால் ஜெனரல் பர்பஸ், பொதுப் பயன்பாட்டு வண்டி என்று பொருள். ரயில்காரர்கள் வாயில் அது 'ஜீப்' ஆகிவிட்டது. அதற்கு முன்பு வந்த பயணிகள் டீசல்களுக்கு வழுவழுவென்று உருண்ட மூக்கு இருக்கும், போட்டோவுக்கு அழகு. ஜீப்புக்கு அழகு கிடையாது. ஒரு நீளப் பெட்டி, அதன் மேல் செருகிவைத்த மாதிரி ஒரு கேபின், சுற்றிலும் நடைபாதை. வடிவமைத்த டிக் டில்வொர்த் அழகைப் பற்றிக் கவலையே படவில்லை. ஆனால் பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்தால் இன்ஜின் முழுக்கக் கைக்கு எட்டும். எழுபது வருடம் கழித்து மழையில் நனைந்துகொண்டு நட்டு கழற்றுகிற எனக்கு அந்த மனிதர் தெய்வம்.

உள்ளே இருப்பது 567 என்ற பதினாறு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் இன்ஜின். 1,500 குதிரைத்திறன். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 567 கன அங்குலம், பெயரும் அதுவே. இதே வம்சம்தான் பிறகு 645 ஆகி, 710 ஆகி, நம் ஊரில் எக்ஸ்பிரஸ் இழுக்கும் டபிள்யூடிபி-4 வரை வந்தது. நம் ஊர்ப் பழைய டபிள்யூடிஎம்-2 வேறு குடும்பம், ஆல்கோ என்ற இன்னொரு அமெரிக்கக் கம்பெனியின் வடிவமைப்பு. அது ஃபோர் ஸ்ட்ரோக், 'தக்கு தக்கு' என்று நிறுத்தி நிதானமாகப் பேசும். இது மூச்சு விடாமல் ரீங்காரமிடும். திருச்சியில் ஆல்கோ சத்தம் கேட்டு வளர்ந்தவன் என்பதால் முதல் வருடம் எனக்கு இந்த இன்ஜின் மேல் கொஞ்சம் இளக்காரம் இருந்தது.

வண்டி எங்களிடம் வரும் முன் பதினான்கு வருடம் திறந்த வெளியில் நின்றிருக்கிறது. மேலே இரண்டு புகைபோக்கி. இரண்டின் மேலும் யாரோ பழைய பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார், புண்ணியவான். ஒரு டப்பா நின்றது. இன்னொன்று எந்தக் காற்றிலோ பறந்துவிட்டது. இன்ஜின் எந்த நிலையில் நின்றாலும் சில சிலிண்டர்களின் புகை வால்வு திறந்துதான் இருக்கும். டப்பா போன பக்கம் மழை நேராக உள்ளே இறங்கிவிட்டது. நாங்கள் பட்ட பாட்டில் பாதிக்குக் காரணம் அந்த ஒரு டப்பாதான்.

சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் என்ன? டீசலை அழுத்தலாம், காற்றை அழுத்தலாம் என்று நினைத்திருந்த எனக்குப் பெரியவர் ஒருவர்தான் திருத்தம் சொன்னார். (ஓய்வுபெற்ற ரயில்வே எலக்ட்ரீஷியன். எண்பதை நெருங்குகிறார். மனசுக்குள் தாத்தா என்றுதான் கூப்பிடுவேன். அங்கே வாய்விட்டுப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், இன்னும் கூச்சமாக இருக்கிறது.) காற்று சுருங்கும். எந்தத் திரவமும் சுருங்காது. இந்த வண்டிக்குத் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை. 64 வோல்ட் பேட்டரி, மின்சாரம் தயாரிக்கும் பெரிய ஜெனரேட்டரையே மோட்டாராக்கிச் சுழற்றும். அது சுழற்றுகிற பலத்துக்கும் மேலே நிற்கிற தண்ணீருக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது, பிஸ்டனைக் கீழே சுழலும் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு. வளைந்துவிடும். நான் சேர்வதற்கு முன்பு இதே இடத்தில் வேறொரு வண்டிக்கு அதுதான் நடந்திருக்கிறது. ஒரு விழா நாள், கூட்டம் நின்றது, யாரோ ஆர்வக்கோளாறில் அமுக்கிவிட்டார். வளைந்த அந்த ராடை ஷெட் சுவரில் ஆணியடித்து மாட்டி வைத்திருக்கிறார்கள். புதிதாக வருபவர்களை முதலில் அதன் முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்துவோம்.

இரண்டாவதாகக் காட்டுவது நீலக்கொடி. வண்டிக்கு அடியிலோ மேலேயோ ஒருவர் வேலை செய்தால் நீலக்கொடியை மாட்டுவார். மாட்டியவர்தான் எடுக்க வேண்டும். அதுவரை வண்டியை ஒரு அங்குலம் நகர்த்தக் கூடாது. அமெரிக்க ரயில்வே சட்டப்படி மாட்டிய வேலைக்குழுதான் எடுக்கலாம்; எங்கள் இடத்தில் மாட்டிய ஆளேதான். ஒருமுறை கொடியை மாட்டிவிட்டு மறந்துபோய் வீட்டுக்கு வந்துவிட்டேன். போன் வந்தது. நாற்பது மைல் திரும்ப ஓட்டிக்கொண்டு போய் எடுத்துவிட்டு வந்தேன். யாரும் திட்டவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

இனி வேலை. இஎம்டி இன்ஜினில் எனக்குப் பிடித்த விஷயம், சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றாமலே உள்ளே எட்டிப் பார்க்கலாம். லைனரின் (சிலிண்டரின் உள்சுவராக இருக்கும் குழாய்) நடுவில் காற்று நுழைய வரிசையாகத் துளைகள் இருக்கும். பக்கத்து மூடியைத் திறந்து டார்ச்சை நீட்டினால் அந்தத் துளை வழியாகப் பிஸ்டனும் ரிங்குகளும் தெரியும். இரண்டு பேர் கம்பி போட்டு கிராங்கை மெல்லத் திருப்ப, ஒருவர் பார்த்துச் சொல்ல, ஒருவர் குறித்துக்கொள்ள வேண்டும். குறித்துக்கொள்வது என் வேலை. எக்ஸெல் தெரிந்தவனுக்கும் ஷெட்டில் இடம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. பதினொன்றாம் சிலிண்டர் செங்கல் நிறத்தில் இருந்தது, ரிங் லைனரோடு ஒட்டிப்போயிருந்தது. இடது வரிசையில் மூன்றாவது. மேலே பார்த்தால், சரியாக டப்பா போன பக்கம்.

மாற்றும்போது ஹெட், லைனர், பிஸ்டன், ராடு நான்கையும் ஒரே கொத்தாகக் கூரை மூடி வழியே கிரேனில் தூக்க வேண்டும். ரயில்வே ஷெட்டில் இதை ஒரே ஷிப்டில் முடிப்பார்களாம். எங்களுக்கு ஆறு சனிக்கிழமை ஆனது. அதில் ஒன்று மழை, ஒன்று தப்பான கேஸ்கெட்.

அடுத்து, உள்ளே இருக்க வேண்டிய தண்ணீர். எங்கள் வண்டியில் இருப்பது 567பி. இந்த மாடல் வரைக்கும் ஒரு பிறவிக் கோளாறு: குளிர்விக்கும் தண்ணீர் லைனரின் அடியில் ரப்பர் வளையத்தை நம்பித்தான் நிற்கிறது. ரப்பர் காய்ந்தால் தண்ணீர் கீழே ஆயில் தொட்டிக்குள் சொட்டும். ஆயில் பால் ஊற்றின காபி மாதிரி ஆகிவிடும், பேரிங்குகள் போய்விடும். அடுத்து வந்த 567சி-யில் ஒவ்வொரு லைனருக்கும் தனிக் குழாய் கொடுத்து இந்தத் தலைவலியைத் தீர்த்தார்கள். நமக்கு வாய்த்தது பி.

முதல்முறை தண்ணீர் நிரப்பிய அன்று இரண்டு மணி நேரம் அடியில் படுத்துக்கொண்டு டார்ச் அடித்தோம். ஒரு சொட்டு இல்லை. சந்தோஷத்தில் அன்று இரவு அப்பாவுக்குப் போன் செய்தேன். அப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "தண்ணி ஊத்தின உடனே ஒழுகாதுடா. ரப்பர் ஊறணும். ஒரு ராத்திரி விட்டுட்டுக் காலைல போய்ப் பாரு" என்றார்.

"அது அமெரிக்க இன்ஜின்ப்பா."

"தண்ணி எல்லா ஊர்லயும் தண்ணிதான்டா."

ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். ஆறாம் சிலிண்டருக்குக் கீழே, நிதானமாக, ஒரு நிமிடத்துக்கு ஒரு சொட்டு. தாத்தாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. உன் அப்பாவை ஒருமுறை அழைத்துக்கொண்டு வா என்று மட்டும் சொன்னார்.

மின்சார வேலை எனக்குக் குறைவாகத்தான் தெரியும், ஆனால் பொறுமை அதிகம் வேண்டியது அதில்தான். ஜெனரேட்டரின் இன்சுலேஷனை மெக்கர் (மின்காப்பை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் ஒரு மெகாஓம்கூட வரவில்லை. சுருள் எரிந்ததால் அல்ல, வெறும் ஈரம். தார்ப்பாயைப் போர்த்தி உள்ளே சின்ன ஹீட்டர் வைத்தோம். வாரா வாரம் எண்ணைக் குறித்தேன். ஏழாவது வாரம்தான் ஏறத் தொடங்கியது. அதற்குள் மின்சாரப் பெட்டியில் குளவிக் கூடு எடுத்தோம், எலிக் கூடு எடுத்தோம், தொட்டால் பொடியாக உதிர்கிற துணி சுற்றிய வயர்களை ஒவ்வொன்றாக மாற்றி நம்பர் ஒட்டினோம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், புகைக் குழாய்ச் சுற்றில் கல்நாரும் இருக்கலாம். முகக்கவசம் போடாதவரை உள்ளே விடாத இடமா என்று பார்த்துச் சேருங்கள்.

என் அசட்டுத்தனம் ஆயில் விஷயத்தில். இந்த இன்ஜினுக்கு ஏறக்குறைய 200 காலன் வேண்டும், கிட்டத்தட்ட 750 லிட்டர். எங்கள் கஜானாவுக்கு அது பெரிய செலவு. நான் கில்லாடித்தனமாகத் தேடி, லாரி டீசல் இன்ஜின் ஆயில் பாதி விலைக்கு டிரம்மாகக் கிடைக்கிறது என்று கூட்டத்தில் பெருமையாகச் சொன்னேன். தாத்தா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: துத்தநாகம் இருக்கிறதா? இருந்தது. லாரி ஆயிலில் தேய்மானத்தைக் குறைக்க அதைத்தான் சேர்ப்பார்கள். இஎம்டி பிஸ்டன் பின் பேரிங்கில் வெள்ளிப் பூச்சு உண்டு. துத்தநாகக் கலவை அந்த வெள்ளியை அரித்துவிடும். ரயில் இன்ஜினுக்கென்று துத்தநாகம் இல்லாத ஆயில் தனியாக வருகிறது, விலையும் தனி. இரண்டு வருடம் டிக்கெட் கவுண்டரில் சேர்ந்த பணம் அதற்கே போனது.

இவ்வளவு வேலையிலும் பெரிய சண்டை எதற்கு வந்தது தெரியுமா? பெயிண்டுக்கு. 1951-இல் பூசிய நிறமா, கடைசியாக ஓடியபோது இருந்த நிறமா? பக்கவாட்டை உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்தால் வெங்காயம் மாதிரி ஐந்து அடுக்கு நிறம் வந்தது. ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு கட்சி. இன்னும் தீரவில்லை, அதனால் வண்டி இப்போது பிரைமர் சாம்பல் நிறத்தில்தான் நிற்கிறது. எனக்கு அதுவே பிடித்திருக்கிறது; வெளியே சொல்வதில்லை.

போன அக்டோபரில் ஸ்டார்ட் செய்தோம். முதலில் வெளியிலிருந்து பம்ப் வைத்து எல்லாப் பேரிங்குக்கும் ஆயில் ஏற்றினோம். சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கும் டெஸ்ட் காக் (உள்ளே இருப்பதை வெளியே விடும் சின்னத் திருகு வால்வு) பதினாறையும் திறந்து வைத்துக் கம்பியால் கிராங்கை இரண்டு முழுச் சுற்று திருப்பினோம். எதிலிருந்தும் தண்ணீர் வரவில்லை. காக்குகளை மூடிவிட்டு, எரிபொருள் பம்பைப் போட்டுக் கண்ணாடிக் குடுவையில் காற்றுக் குமிழ் இல்லாமல் டீசல் நிறையும்வரை நின்றோம். பொத்தானை அமுக்கத் தாத்தாவைக் கூப்பிட்டோம். அவர் மறுத்துவிட்டார். காற்றறை முழுக்கக் கரி சுரண்டிச் சுத்தம் செய்த பள்ளி மாணவி ஒருத்தி இருந்தாள், அவளை அமுக்கச் சொன்னார். இரண்டு சுற்று முனகல், வெள்ளைப் புகை, புகைபோக்கியிலிருந்து எரிந்த கூட்டுத் துணுக்குகள், பிறகு நிமிடத்துக்கு 275 சுற்றில் ஐடில். நாற்பது நிமிடம் ஓடவிட்டோம். யாரும் கைதட்டவில்லை, ஆளுக்கொரு டார்ச்சோடு ஒழுகல் தேடிக்கொண்டிருந்தோம்.

நவம்பரில் தண்ணீர் முழுவதையும் வடித்துவிட்டோம். இந்த இன்ஜின்களில் உறைதடுப்பான் ஊற்றும் வழக்கம் இல்லை. இல்லினாய் குளிரில் தண்ணீரை அப்படியே விட்டால் அது உறைந்து விரிந்து இரும்பைப் பிளந்துவிடும்.

உங்கள் ஊர்ப் பக்கத்தில் எது இருக்கிறது என்று பார்த்து ஒரு சனிக்கிழமை நேரில் போய்க் கேளுங்கள். சிகாகோ பக்கம் என்றால் 1953-இல் தொடங்கி இப்போது யூனியன் என்ற ஊரில் இருக்கும் இல்லினாய் ரயில்வே மியூசியம் பெரிய இடம்; இஎம்டியின் இ5 வகையில் மிஞ்சியிருக்கும் ஒரே வண்டி அங்கேதான் நிற்கிறது. எந்த இன்ஜினில் வேலை கற்பது என்று தேர்ந்தெடுக்க வாய்ப்புக் கிடைத்தால் இஎம்டியில் தொடங்குங்கள். நிறைய செய்தார்கள், அதனால் உதிரிபாகம் கிடைக்கும். ஆல்கோ 1969-இலேயே மூடிவிட்டது. ஃபேர்பேங்க்ஸ் மோர்ஸ் என்ற இன்னொரு கம்பெனியின் இன்ஜினில் ஒரு சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன் எதிரெதிரே ஓடும். பிஸ்டனைத் தொட வேண்டுமென்றால் மேல் கிராங்கையே தூக்க வேண்டும். அது துறவிகளுக்கான வேலை.

எங்களுக்கு மே மாதம் மறுபடி தண்ணீர் நிரப்ப வேண்டும். ஆறாம் சிலிண்டருக்குக் கீழே ஒரு ராத்திரி கழித்துப் படுத்துக்கொண்டு டார்ச் பிடிக்க ஒரு ஆள் குறைகிறது. பழைய பூட்ஸ் இருந்தால் போதும்.