மண்டபத்தில் பாட்டுப் போட்டால் யாருக்குக் காசு? வக்கீலிடம் கேட்டவை

கேரளாவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர் வாசகசாலையில் போன ஞாயிற்றுக்கிழமை என்னை உட்காரவைத்துவிட்டார்கள். சென்னையில் பல வருஷம் மத்திய அரசு வக்கீலாக இருந்தவன் நான். பதிப்புரிமை, ராயல்டி, உரிமம் என்று வரும் கட்டுகள் பெரும்பாலும் என் மேசைக்குத்தான் வரும். அன்று கேட்டவர்களின் கேள்விகளும் என் பதில்களும் கீழே. (காப்புரிமை என்றால் பேட்டன்ட். நாம் பேசுவது பதிப்புரிமை. பத்திரிகைக்காரர்களே குழப்பிக்கொள்கிறார்கள்.)

கோவிந்தாபுரத்தில் கல்யாண மண்டபம் நடத்துபவர்: வக்கீல் சார், மண்டபத்தில் பாட்டுப் போட லைசென்ஸ் எடு, இல்லையென்றால் கேஸ் என்று ஒரு கம்பெனி நோட்டீஸ் விட்டிருக்கிறது. செக்போஸ்ட் தாண்டி ஆனைமலையில் மண்டபம் வைத்திருக்கும் என் மச்சானுக்கு வரவில்லை. கேரளாவில் சட்டம் வேறா?

ஒரே சட்டம்தான். பதிப்புரிமை மத்தியப் பட்டியலில் இருக்கிறது. 1957-ஆம் வருஷத்துச் சட்டம் வாளையாறுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றே. மச்சானின் முகவரி அவர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

52-ஆம் பிரிவில் கடைசிப் பக்கமாக ஒரு விலக்கு உண்டு. மதச் சடங்கிலும் அரசு விழாவிலும் பாட்டுப் பாடுவதோ ஒலிப்பதிவு போடுவதோ மீறல் ஆகாது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் மதச் சடங்கில் சேரும் என்று அதற்கு விளக்கமும் அங்கேயே எழுதியிருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசு இதை ஓர் அறிவிப்பாகவே வெளியிட்டது. பிறகு கோவா அரசு அதை வைத்து ஒரு சுற்றறிக்கை விட, பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கோவா கிளை 2024 ஆகஸ்டில் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்துவிட்டது. அறிவிப்பைக் காட்டி எல்லாரையும் விரட்ட முடியாது. ஆனால் சட்டத்தின் வாசகம் அப்படியே நிற்கிறது.

நலங்கு, முகூர்த்தம், ரிசப்ஷன் வரை நான் கவலைப்பட மாட்டேன். அதே மண்டபத்தை டிசம்பர் 31 ராத்திரி டிக்கெட் போட்டு டிஜே ஆட்டத்துக்கு விட்டீர்களென்றால் கதையே வேறு. லாபத்துக்கு இடம் கொடுத்தவரும் 51-ஆம் பிரிவில் மாட்டுவார். ‘எனக்குத் தெரியாது’ என்று தப்பிக்க வழி உண்டுதான், ஆனால் கையில் நோட்டீஸ் வந்த பிறகு அது செல்லாது.

நோட்டீஸைத் தூக்கிப் போடவும் வேண்டாம், பயந்து பணம் கட்டவும் வேண்டாம். ஸ்பீட் போஸ்டில் பதில் கேளுங்கள். ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. பாட்டின் வரிகளும் மெட்டும் ஒன்று, அதை ஸ்டூடியோவில் பதிந்த ஒலிப்பதிவு இன்னொன்று. இதில் எதற்குக் காசு கேட்கிறீர்கள்? எந்தெந்தப் பாட்டு? உங்களுக்கு உரிமை எழுதிக்கொடுத்தது யார்? உரிமையாளர்கள் சார்பில் காசு வசூலிக்க 33-ஆம் பிரிவில் பதிவுபெற்ற சங்கமா நீங்கள்? வரி, மெட்டுக்கு 1969-இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் பதிவோடு இருக்கிறது. பதிவில்லாத கம்பெனி, தான் வாங்கிய உரிமைக்கு லைசென்ஸ் கொடுக்கலாமா என்பதில் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் ஒன்று சொன்னது, பம்பாய் 2024-இல் வேறு சொன்னது. என்னிடம் வந்த இப்படிப்பட்ட நோட்டீஸ்களில் பாட்டுப் பட்டியலே இல்லாதவைதான் அதிகம்.

மேடைப் பாடகி, சித்தூர்: நான் ஆர்கெஸ்ட்ராவில் பாடுகிறேன். எனக்கும் இதேதானா அண்ணா?

வாத்தியக்காரர்களோடு நேரில் பாடினால் வரி, மெட்டு என்கிற முதல் சொத்துக்கு மட்டும்தான், அம்மா. யாரோ பதிந்து விற்கும் கரோக்கி டிராக்கைப் போட்டுப் பாடினால் இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். பொதுவாக நிகழ்ச்சி நடத்துகிறவர் கட்ட வேண்டிய காசு இது. உங்கள் சம்பளத்தில் பிடிக்கச் சம்மதிக்காதீர்கள்.

பாட்டெழுதும் தம்பி ஒருவர், மீனாட்சிபுரம்: 2015-இல் நான் எழுதி மெட்டும் போட்ட பாட்டை ஓர் ஆடியோ கம்பெனிக்கு 3,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். ‘உரிமை முழுவதும் தங்களுக்கே’ என்று ஒரே வரியில் கையெழுத்துப் போட்டேன். இப்போது அது யூடியூபில் ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாம் போச்சா?

அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள் தம்பி. கம்பெனியைவிட உங்களுக்குத்தான் அது அதிகம் உதவும்.

19-ஆம் பிரிவைப் பாருங்கள். எத்தனை வருஷத்துக்கு என்று எழுதவில்லையென்றால் 5 வருஷம் என்றுதான் கொள்ள வேண்டும். எந்த எல்லைக்குள் என்று எழுதவில்லையென்றால் இந்தியாவுக்குள் மட்டும். ‘முழுவதும்’ என்ற சொல்லைக் கால அளவாக எடுக்கலாம் என்று அவர்கள் வக்கீல் வாதாடுவார். நானாக இருந்தாலும் வாதாடியிருப்பேன். ஆனால் வருஷக் கணக்கு இல்லாத தாள் பலவீனமான தாள்.

அடுத்தது இன்னும் பெரியது. 2012 ஜூன் 21 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, பாட்டெழுதுகிறவரும் மெட்டமைப்பவரும் ராயல்டியில் தங்கள் சமபங்கை விட்டுக்கொடுக்கவே முடியாது. கையெழுத்தே போட்டிருந்தாலும் செல்லாது. சினிமாப் பாட்டென்றால் தியேட்டரில் படத்தோடு ஓடுவதற்கு மட்டும் இது பொருந்தாது. மற்ற எல்லாப் பயன்பாட்டுக்கும் பங்கு உண்டு. முதலில் ஐ.பி.ஆர்.எஸ்.-இல் உறுப்பினராகுங்கள், இல்லையென்றால் வசூலான காசு உங்கள் பெயரைத் தேடி வராது. அப்புறம் ஒன்று: அது நிஜமாகவே உங்கள் மெட்டுத்தானே? பாட்டி பாடிய கும்மி மெட்டென்றால் அதன் மேல் உங்களுக்கும் உரிமை இல்லை, கம்பெனிக்கும் இல்லை.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது, என் சித்தப்பா மகனுக்கு நானே எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தில் வருஷம் போட மறந்திருக்கிறேன். அவன் பாட்டை விற்றவன் என்பதால் பிழைத்தான். வாங்கியவனாக இருந்திருந்தால் பொங்கலுக்கு வீட்டுப் பக்கம் வந்திருக்க மாட்டான்.

பள்ளி ஆசிரியை: ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டுக்குப் பிள்ளைகள் ஆடலாமா?

பிள்ளைகள், ஆசிரியர்கள், பெற்றோர், பள்ளியோடு சம்பந்தப்பட்டவர்கள் மட்டும் பார்த்தால் ஆடலாம். டிக்கெட் போட்டு ஊரையே கூப்பிட்டால் இந்த விலக்கு நிற்காது.

சிறு பதிப்பாளர், பாலக்காடு: தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்களை நான் இங்கே அச்சிடலாமா? மலையாளத்தில் மொழிபெயர்க்கலாமா?

இரண்டும் செய்யலாம். எனக்குப் பிடித்த விஷயம் இது. பாரதி இறந்தது 1921. அன்றைய சட்டப்படி இறந்தபின் 50 வருஷம் என்றால் 1971 கடைசி வரை அவர் எழுத்து தனியார் சொத்தாகவே இருந்திருக்கும். 1949-லேயே அரசு வாங்கியதால் பல வருஷம் முன்னதாக நம் கைக்கு வந்தது. பொதுவாக வாரிசுகளுக்கு அரசு ஒரு தொகை கொடுக்கும். 2024-இல் கலைஞர் நூல்களைத் தொகை இல்லாமலே நாட்டுடைமை ஆக்கினார்கள்.

கவனம் தேவைப்படுவது பதிப்பில். மூலம் நாட்டுடைமை; ஒரு பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரையும் குறிப்பும் அவருடையவை. ஏற்கெனவே வந்த மலையாள மொழிபெயர்ப்பு அந்த மொழிபெயர்ப்பாளருடையது. நீங்கள் புதிதாகச் செய்யுங்கள்.

சட்டக் கல்லூரி மாணவி: இந்த வேலைக்கு எப்படி வருவது? அங்கே என்ன செய்வீர்கள்?

கணக்குப் பார்ப்போம், அம்மா. நான் பாட்டுக்காரர் வக்கீலும் இல்லை, ரேடியோக்காரர் வக்கீலும் இல்லை. சட்டத்தையும் விதியையும் காப்பாற்றிப் பேசுவதுதான் அரசு வக்கீலின் வேலை, அதனால் இரண்டு பேரும் முறைப்பார்கள். 2010-இல் பதிப்புரிமை வாரியம், எஃப்.எம். நிலையங்கள் பாட்டுப் போட நிகர விளம்பர வருமானத்தில் 2 சதவீதம் கட்ட வேண்டும் என்றது. அந்த 2 சதவீதத்துக்காக அன்றைக்கு வெட்டிக்கொண்ட வெட்டு கொஞ்சமில்லை. பிறகு விலை குறிக்கும் அந்த வேலை சென்னையில் இருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனது, 2021-இல் அதையும் கலைத்துவிட்டார்கள். இப்போது வணிக நீதிமன்றங்களிலும் உயர் நீதிமன்றங்களிலும்தான் வேலை. சட்டம் முடித்து, உயர் நீதிமன்றத்தில் சில வருஷம் வழக்காடி, மத்திய அரசு வக்கீல் பட்டியலுக்கு முயலுங்கள். பதிப்புரிமை அலுவலகம் டெல்லியில், 2016 முதல் தொழில் துறையின் கீழ். அமெரிக்காவில் இதற்கென்றே ராயல்டி நீதிபதிகள் மூன்று பேர் உட்கார்ந்து ஐந்தைந்து வருஷத்துக்கு விலை குறிக்கிறார்கள். பொறாமையாகத்தான் இருக்கிறது. பேலன்ஸ் ஷீட் படிக்க இப்போதே பழகுங்கள்.

நாதஸ்வரக்காரர், வண்ணாமடை: தியாகராஜர் கீர்த்தனை வாசித்தால் யாருக்காவது கட்ட வேண்டுமா?

அவர் 1847-இல் போய்விட்டார் ஐயா. யாரும் ரசீது நீட்ட முடியாது. ஆனால் நீங்கள் வாசித்ததை இன்னொருவர் பதிந்து விற்க வேண்டுமென்றால் உங்களைக் கேட்க வேண்டும். கலைஞர் உரிமை என்று சட்டத்தில் தனியாக இருக்கிறது, 50 வருஷம் நிற்கும். தேர்த் திருவிழாவில் உங்கள் கல்யாணி ஆலாபனையை முழுசாகப் பிடித்து சேனலில் போட்டிருக்கிறாரே, அந்த வீடியோக்காரர் உங்களைக் கேட்டாரா?

“இல்லைங்க. காப்பி வாங்கிக் கொடுத்தார்.”