பத்து நாள் முன்பே ஸ்பேனரைக் கையில் எடுங்கள்: நெடுந்தூரப் பைக் பயணம், கேள்வி-பதில்

கோடை விடுமுறையும் லடாக் சீசனும் நெருங்கிவிட்டன. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் நீண்ட பயணத்தைப் பற்றியவைதான். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு, பலருக்கும் பயன்படுபவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மதுரை வாசகர்: ஐந்து வருடம் ஓடிய 150 சிசி வண்டி. 38,000 கி.மீ. ஆகிறது. நண்பர்களோடு கோவா போகிறோம். கிளம்புவதற்கு முதல் நாள் சர்வீஸ் விட்டு எடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். போதுமா அண்ணே?

முதல் நாள் வேண்டவே வேண்டாம். பத்து நாளாவது முன்பே விட்டுவிடுங்கள். நான் அனுபவித்துச் சொல்கிறேன். என் முதல் நீண்ட பயணத்துக்கு முந்தைய நாள் மாலைதான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆயில் மாற்றி வாங்கினேன். காலையில் கிளம்பி, உளுந்தூர்பேட்டை தாண்டி டீ குடிக்க நிறுத்தினேன். டீ பாதி குடிப்பதற்குள் வண்டிக்கு அடியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்பாக ஒரு வட்டம். குனிந்து தொட்டுப் பார்த்தால் சூடான எஞ்சின் ஆயில். பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விட்டிருக்கிறார்கள், பழைய வாஷரையும் மாற்றவில்லை. காற்றில் பறந்த எண்ணெய் பின் டயரின் ஓரம் வரை வந்திருந்தது. அந்த டயரோடு ஒரு வளைவில் சாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

சர்வீஸ் முடிந்ததும், கொண்டுபோகப் போகிற மூட்டை முடிச்சு எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு, பின்னால் யார் உட்காரப் போகிறாரோ அவரையும் ஏற்றிக்கொண்டு இருநூறு கி.மீ. ஓட்டிவிட்டு வாருங்கள். தளர்ந்த போல்ட், ஒழுகும் ஆயில், ஆடும் பை, முதுகில் குத்தும் பக்கிள் எல்லாம் அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும்.

38,000 ஓடிய வண்டியில் நான் முதலில் பார்ப்பது செயினை. செயின் ஓடும் பல்சக்கரம்தான் ஸ்ப்ராக்கெட். பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசியில், அதாவது வண்டியின் வால் பக்கம், செயினை இரு விரலால் பிடித்துப் பின்னோக்கி இழுங்கள். செயின் அசையாமல் பல்லோடு ஒட்டி நின்றால் நல்லது. பல் பாதி தெரியும் அளவுக்கு விலகி வந்தால் அது முடிந்த செயின். பற்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்து கொக்கி மாதிரி வளைந்திருந்தாலும் அதே முடிவுதான். செயினை மட்டும் மாற்றினால் பழைய பற்கள் புதுச் செயினைச் சீக்கிரமே தின்றுவிடும். முன் பின் ஸ்ப்ராக்கெட்டோடு செட்டாகவே மாற்றுங்கள்.

செயின் நன்றாக இருந்தால் சுத்தம் செய்து எண்ணெய் விடுவதை நீங்களே பழகிக்கொள்ளுங்கள். ஐந்நூறு, அறுநூறு கி.மீ.க்கு ஒருமுறை செய்ய வேண்டிய வேலை இது, வழியில் மெக்கானிக்கைத் தேட முடியாது. மண்ணெண்ணெய் அல்லது செயின் கிளீனர் போதும். பெட்ரோல் ஊற்றினால் ஓ-ரிங் செயினில் இருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றியபடி செயினின் உள்பக்கத்தில் எண்ணெய் விடுங்கள். சக்கரம் சுழலும்போது அது தானாக வெளிப்பக்கம் பரவும். எஞ்சினை ஓடவிட்டு, கியர் போட்டு, சுற்றும் செயினில் துணி வைத்துத் துடைப்பவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், துணி மாட்டினால் விரல் போய்விடும். எண்ணெய் விட நல்ல நேரம் மாலையில் அறைக்கு வந்து சேர்ந்ததும்தான். செயின் சூடாக இருக்கும், ராத்திரி முழுக்க எண்ணெய் உள்ளே இறங்கும்.

செயின் தளர்வு எத்தனை மில்லிமீட்டர் என்பது உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். ஆள், பாரம் ஏறினால் செயின் இன்னும் இறுகும் என்பதை மறக்க வேண்டாம். இறுக்கமான செயின் தளர்ந்த செயினைவிட மோசம்.

ஆயில் வாங்கும்போது டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ (JASO MA) அல்லது ‘எம்ஏ2’ என்ற பைக் ஆயில் தரக்குறி இருக்கிறதா பாருங்கள். பைக்கின் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே மூழ்கிக் கிடப்பது. விலை குறைவு என்று கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், மலை இறக்கத்தில் சூடேறும்போது அந்த ஈரம்தான் பிரேக்கைக் கைவிட வைக்கும்.

ஈரோடு வாசகர்: ஸ்பேர் பார்ட்ஸ் என்னென்ன எடுக்க வேண்டும்? இணையத்தில் பார்த்தால் பட்டியல் ஒரு பக்கத்துக்கு நீள்கிறது.

பட்டியலைச் சுருக்க ஒரு வழி இருக்கிறது. எந்தப் பொருளை உங்கள் கையால் மாற்றத் தெரியுமோ அதை மட்டும் எடுங்கள். தெரியாததை வீட்டு வாசலில் ஒருமுறை மாற்றிப் பாருங்கள், அப்புறம் எடுங்கள்.

கிளட்ச் கேபிளும் ஆக்சிலரேட்டர் கேபிளும் கட்டாயம். ஸ்பார்க் பிளக், பிளக் ஸ்பேனர், உங்கள் வண்டிக்கான ஃபியூஸ் இரண்டு மூன்று, கிளட்ச் லீவர், பிரேக் லீவர், இன்சுலேஷன் டேப், கேபிள் டை, கொஞ்சம் கட்டுக்கம்பி, பிசைந்து ஒட்டும் எம்-சீல் பசை ஒன்று. கல் பட்டு எஞ்சினில் கீறல் விழுந்து எண்ணெய் கசிந்தால் எம்-சீல்தான் அடுத்த ஊர் வரை கொண்டுசேர்க்கும். இவ்வளவுதான்.

கிளட்ச் கேபிளைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். புதுக் கேபிளைப் பையில் வைக்காதீர்கள். வீட்டிலேயே டாங்கைக் கழற்றி, பழைய கேபிள் போகும் பாதையிலேயே அதற்குப் பக்கத்தில் புதியதையும் ஓட்டி, நான்கைந்து இடத்தில் டை போட்டுக் கட்டிவிடுங்கள். இரண்டு முனைகளிலும் கொஞ்சம் கிரீஸ் தடவி, பாலிதீன் சுற்றி, டேப் ஒட்டிவிட்டால் தூசியும் மழைநீரும் உள்ளே போகாது. கட்டி முடித்ததும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், எங்கும் இழுபடக் கூடாது. பயணத்தில் பழைய கேபிள் அறுந்தால் டாங்கைத் தொடவே வேண்டாம். மேல் முனையை லீவரிலும் கீழ் முனையை எஞ்சின் பக்கத்துக் கொக்கியிலும் மாட்டினால் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம்.

கேபிள் ஒரே நொடியில் அறுவதும் இல்லை. லீவருக்குள் உருண்டையாக ஒரு உலோகத் தலை இருக்கும் பாருங்கள், அதன் கழுத்தில்தான் இழை இழையாக விடும். லீவரைப் பிடிக்கும்போது நறநறவென்று இருந்தாலோ, தளர்வு திடீரென்று கூடினாலோ நிறுத்திப் பாருங்கள். ஓர் இழை பிரிந்து நின்றாலும் அன்று மாலையே மாற்றிவிடுங்கள்.

விருதுநகர் கல்லூரி மாணவர்: அப்பாவின் 100 சிசி வண்டியில் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் போக முடியுமா அண்ணா? எல்லோரும் சிரிக்கிறார்கள்.

சிரிப்பவர்களை விடுங்கள் தம்பி. தாராளமாகப் போகலாம். அந்த வண்டிக்கு நாட்டின் எந்த மூலையிலும் பார்ட்ஸ் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் கை பழகியிருக்கும். பெரிய வண்டிக்காரர்களுக்கு அந்த வசதி கிடையாது. நாட்டின் மிக நீளமான தேசிய நெடுஞ்சாலையான 44 உங்கள் மாவட்டம் வழியாகத்தான் போகிறது, ஸ்ரீநகர் வரை அதிலேயே போய்விடலாம். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் பைக்குக்குக் கட்டணமும் இல்லை.

வேகத்தை 60, 65க்குள் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு 250, 300 கி.மீ. போங்கள். அந்த ஹெட்லைட்டை நம்பி நெடுஞ்சாலையில் இரவு ஓட்ட வேண்டாம். இருட்டுவதற்குள் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும். டிரம் பிரேக் என்றால் புது பிரேக் ஷூ போட்டுக் கிளம்புங்கள். ஜம்முவுக்கு அப்புறம் வரும் மலை இறக்கங்களில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் டிரம் சூடாகிப் பிடிக்காமல் போகும். இரண்டாவது கியரில் விட்டு, எஞ்சினையே இழுத்துப் பிடிக்க வையுங்கள். எந்தக் கியரில் ஏற வேண்டியிருக்குமோ அதே கியரில் இறங்குவது நல்ல பழக்கம்.

ஆர்.சி. அப்பா பெயரில் இருப்பதில் சிக்கல் இல்லை. அவர் கையெழுத்தோடு ஒரு கடிதம் வைத்திருந்தால் வெளிமாநிலத்தில் பேச்சு சுலபமாக முடியும். ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ், புகைச் சான்று நான்கையும் டிஜிலாக்கரில் ஏற்றுங்கள். சிக்னல் இல்லாத இடத்துக்கு நகலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோவை வாசகர்: டியூப்லெஸ் டயர்தான். பஞ்சர் கிட் வாங்கிவிட்டேன். வேறு ஏதாவது?

காற்று அடிக்க என்ன வைத்திருக்கிறீர்கள்? பலர் கிட்டோடு நின்றுவிடுகிறார்கள். ஓட்டையை அடைத்த பிறகு காற்றில்லாத டயரோடு நிற்பார்கள். கால் பம்ப்போ பேட்டரியில் ஓடும் சின்ன இன்ஃப்ளேட்டரோ வேண்டும்.

பழைய டயர் ஒன்றை எந்தப் பஞ்சர் கடையிலும் கேட்டால் கொடுப்பார்கள். அதில் ஆணி அடித்துப் பிடுங்கி, கிட்டில் இருக்கும் திருகூசியை விட்டு, ஓட்டையை அடைக்கும் ரப்பர் திரியைச் சொருகிப் பழகுங்கள். திருகூசி உள்ளே இறங்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். சாலையில் ஆணி ஏறியிருந்தால் கிட்டைப் பிரித்துத் தயாராக வைத்துக்கொண்ட பிறகே பிடுங்குங்கள். எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறதோ அதே சாய்வில் ஊசியை விடுங்கள். முடிந்ததும் கொஞ்சம் எச்சிலோ சோப்புத் தண்ணீரோ வைத்தால் குமிழி வருகிறதா என்று தெரிந்துவிடும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23வது வாரத்தில் செய்த டயர். தரையில் படும் கட்டைகள் தேயாமல் நன்றாக இருந்தாலும் ரப்பர் இறுகி, பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருந்தால் மாற்றிவிடுங்கள்.

திருச்சி வாசகி: முதல்முறை தனியாகப் போகிறேன், 400 கி.மீ. என் ஹெல்மெட் வேகத்தில் ஆடுகிறது. பட்டையை இறுக்கினால் சரியாகுமா?

ஆகாது. அது உங்கள் தலைக்குப் பெரிய ஹெல்மெட். கடையில் போட்டுப் பட்டையை மாட்டிக்கொண்டு, பின்பக்க அடிவிளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தூக்கிப் பாருங்கள். கழன்று வந்தால் வேண்டாம். இடம் வலமாக அசைக்கும்போது கன்னத்துத் தோலும் கூடவே இழுபட வேண்டும். அப்படியே கடையில் இருபது நிமிடம் உட்காருங்கள், நெற்றியில் ஒரே இடத்தில் வலி வந்தால் அந்த மாடல் உங்கள் தலையின் வடிவத்துக்குப் பொருந்தாது. ஐஎஸ்ஐ முத்திரையோடு ஐஎஸ் 4151 என்ற எண்ணும் இருக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பொழுது சாய்ந்தால் எதுவும் தெரியாது. நிறமில்லாததையே வாங்குங்கள். போய் வந்து எழுதுங்கள், ஆவலோடு காத்திருக்கிறேன்.

சென்னை வாசகர்: ஜூலையில் லடாக். வண்டியை ரயிலில் அனுப்பி, மணாலி வழியாக லே போய் ஸ்ரீநகர் வழியாகத் திரும்பலாமா?

திட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். ஸ்ரீநகர் வழியாகப் போய் மணாலி வழியாகத் திரும்புங்கள். லே சுமார் 3,500 மீட்டர் உயரம். மணாலியிலிருந்து போனால் பலர் வழியில் சர்ச்சுவில் தங்குகிறார்கள், அது லேயைவிட எழுநூறு மீட்டருக்கு மேல் உயரம். சென்னையின் கடல் மட்டத்து உடம்புக்கு அந்த இரவு பெரும் தொல்லை. ஸ்ரீநகர் பாதையில் கார்கிலில் தங்கலாம், உயரம் 2,700 மீட்டருக்குள்தான். உடம்பு படிப்படியாகப் பழகும். லே சேர்ந்ததும் இரண்டு நாள் வண்டியைத் தொடாதீர்கள். தலைவலி, வாந்தி, நடக்கும்போது தள்ளாட்டம் வந்தால் மேலே ஏறாமல் கீழே இறங்குங்கள். மாத்திரை எல்லாம் டாக்டரைக் கேட்டுத்தான்.

ரயிலில் அனுப்ப டாங்கில் பெட்ரோல் ஒரு சொட்டும் இருக்கக் கூடாது. ஆர்.சி. நகலும் அடையாள அட்டை நகலும் வேண்டும். கண்ணாடிகளைக் கழற்றிப் பையில் வையுங்கள். வண்டியைச் சாக்கு சுற்றிக் கட்டுவார்கள். லீவர்கள், ஹெட்லைட், டாங்க் மூன்றுக்கும் அந்தச் சாக்குக்கு அடியில் பழைய மெத்தைத் துண்டோ தெர்மாகோலோ வைக்கச் சொல்லுங்கள், கூடவே நின்று பாருங்கள்.

மணாலி பக்கம் தண்டி என்ற ஊரில், அடுத்த பெட்ரோல் பங்க் 365 கி.மீ. என்று ஒரு பலகை இருந்தது, பல ரைடர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்திருப்பார்கள். நீங்கள் எதிர்த்திசையில் வருவதால் லேயில் டாங்கை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். உயரத்திலும் மோசமான சாலையிலும் மைலேஜ் குறையும், ஆகவே ஐந்து லிட்டர் கேனில் இருக்கட்டும். இன்னொன்று, நம் ஊர் பிரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. கிளம்புவதற்கு முன்பே போஸ்ட்பெய்டுக்கு மாறிவிடுங்கள்.

சேலம் வாசகர்: ஊட்டி வழியாக மைசூர். இரவில் கிளம்பினால் டிராஃபிக் குறைவாக இருக்குமே?

முடியாது. பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும், பைக்குக்கும்தான். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை விட்டுவிட்டு ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் போனாலும் முதுமலைக்குள் வண்டியை நிறுத்தி யானையைப் படம் எடுக்காதீர்கள்.

தஞ்சாவூர் வாசகர்: எனக்கு 58, மனைவிக்கு 53. இருவரும் பைக்கில் ஹம்பி வரை போக ஆசை. எனக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறேன். பிள்ளைகள் வேண்டாம் என்கிறார்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். டாக்டர் சரி என்றால் போய் வாருங்கள் ஐயா. ஒரு நாளைக்கு 200 கி.மீ. போதும், உங்களை யாரும் துரத்தவில்லை.

இன்சுலினை டாப் பாக்ஸிலோ சேடில் பேகிலோ வைக்காதீர்கள். வெயிலில் நின்ற பெட்டியின் உள்சூடு மருந்தைக் கெடுத்துவிடும். இன்சுலினுக்கென்றே விற்கும் குளிர்ப் பையில் போட்டு, தோளில் மாட்டும் சின்னப் பையில் வையுங்கள். ஐஸ் கட்டியில் நேரடியாகப் படவும் கூடாது. ஜாக்கெட்டின் இடது பையில் குளுக்கோஸ் இருக்கட்டும், அது எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்கும் தெரிய வேண்டும். கை நடுக்கம், வியர்வை, கண் மங்கல் எது வந்தாலும் உடனே ஓரம் கட்டுங்கள். சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகவே கூடாது, காலை எட்டு மணி இட்லி எட்டு மணிக்கே. மாலையில் பூட்ஸைக் கழற்றியதும் பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கள். சர்க்கரைக்காரர்களுக்குக் கால் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் வந்தது தெரியாமலே போகும். புது பூட்ஸ் என்றால் பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே போட்டு நடக்கத் தொடங்குங்கள்.

அம்மாவுக்கும் நல்ல ஹெல்மெட் ஒன்று, பின்னால் சாய ஒரு பேக்ரெஸ்ட். பின் டயருக்கு இருவர் போகும்போது வைக்க வேண்டிய காற்று அளவு தனியாகக் கையேட்டில் இருக்கும், காலையில் டயர் சூடாவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஹம்பியில் பாறைகள் மதியம் நெருப்பாகக் கொதிக்கும். அங்கே போவதை நவம்பருக்கு மேல், பொங்கலை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் வண்டியின் நிலவரத்தை எழுதி அனுப்பினால் எதை மாற்றுவது, எதை விடுவது என்று தனியாகச் சொல்கிறேன்.