முதல்ல பேரைச் சொல்லுங்க

கேள்வி: ஆசிரியர் ஐயா, மகன் போன்ல இறக்கி வச்சிருந்த 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' படம் பார்த்தேன். ரொம்பப் பயங்கரம்னு சொன்னான், ஆனா கடைசி வரைக்கும் பேயே வரல. லோ பட்ஜெட்ங்கறதால பேயைக் காட்டாம விட்டுட்டாங்களா? நம்ம 'யார் நீ' படத்துல வர்ற 'நானே வருவேன்' பாட்டு ஒண்ணு போதுமே, அதுலயும் யாருன்னு தெரியாத ஒரு குரல்தானே பயமுறுத்துது. எது பெரிசு, படமா பாட்டா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மோல்மேன்

பதில்: படமும் பாட்டும் இருக்கட்டும். உங்க கடிதத்துல என்னைப் பிடிச்சு நிறுத்துனது அந்தக் கடைசி வரி. ஒரு பேய்ப்படம் பிடிக்கலன்னு எழுதுறதுக்குக் கூட பேரை மறைக்கணுமா அண்ணே? இந்தப் பக்கத்துக்கு வர்ற கடிதத்துல பாதி இப்படித்தான் வருது, 'ஒரு தாய்', 'தமிழ்ப்பற்றாளன்', 'உண்மை விரும்பி'ன்னு. பல வருஷமா சொல்லிட்டு இருக்கேன், அதுக்காகக் கோவிச்சுக்கிட்டு எழுதுறதையே விட்டவங்களும் இருக்காங்க, இருந்தாலும் மறுபடியும் சொல்றேன், பேரைப் போடுங்க. நம்ம ஜனங்களுக்கு ஏற்கனவே வீட்ல ஒரு பேரு, வெளியில ஒரு பர்மியப் பேரு. வீட்ல முருகேசன், கார்டுல மாங் மாங். வீட்ல செல்வி, பள்ளிக்கூட ரிஜிஸ்டர்ல மா கின். கல்யாணப் பத்திரிகையில ரெண்டு பேரையும் சேர்த்துப் போட்டாத்தான் யாருக்குக் கல்யாணம்னே ஊருக்கு விளங்குது. அது இந்த நாட்டுல பொழைக்கிறதுக்கு வேண்டியிருந்துச்சு, குத்தம் சொல்லல. ஆனா நம்ம பாஷையில நமக்காக வர்ற ஒரு பத்திரிகையில கூட பேர் வேண்டாம்னா வேற எங்கதான் போடுவீங்க?

இப்ப படத்துக்கு வரேன், ஏன்னா அதுவும் பேர் சமாச்சாரம்தான். 1997 அக்டோபர்ல அமெரிக்காவுல மேரிலேண்ட் பக்கத்துக் காட்டுல 8 நாள்ல எடுத்தது, 1999ல வந்துச்சு, எடுத்த செலவு சுமார் 60 ஆயிரம் டாலர், வசூல் உலகம் பூரா 24 கோடி டாலருக்கு மேல. பணம் கம்மிங்கறது நிஜம். ஆனா பேயைக் காட்டாததுக்கு அது காரணம்னு நான் ஒத்துக்க மாட்டேன். கேமராவை நடிக்கிறவங்க கையிலயே குடுத்துட்டாங்க, அன்னன்னைக்கு என்ன செய்யணும்னு சீட்டு எழுதி காட்டுக்குள்ள வச்சுட்டுப் போயிடுவாங்க, ராத்திரியில டைரக்டருங்களே டென்டுக்கு வெளியில நின்னு சத்தம் குடுப்பாங்க, நாளாக நாளாக சாப்பாட்டையும் குறைச்சாங்க. திரும்பப் பாருங்க, அந்தப் புள்ளைங்க முகம் நாளுக்கு நாள் மாறுறது நடிப்பு மட்டும் இல்ல, பாதி பசி.

அதை விட முக்கியம், மூணு பேரும் சொந்தப் பேர்லயே நடிச்சாங்க. ஹெதர், மைக்கேல், ஜோஷ்வா. படம் ஓடுறதுக்கு முன்னாடியே இவங்களைக் காணோம்னு போட்டோவும் பேரும் போட்டு நோட்டீஸ் ஒட்டுனாங்க. கண்ணுல படாத அந்த சூனியக்காரிக்கும் பேர் உண்டு, எல்லி கெட்வார்ட். ஊரே சேர்ந்து அவளைப் பனிக்காலத்துல காட்டுக்குள்ள துரத்தி சாக விட்டதா டைரக்டருங்க கட்டுன கதை. அப்ப பேய் எதுக்கு அண்ணே? செத்தவ யாரு, யாரு சாக விட்டாங்க, இது தெரிஞ்சா போதும், ஒரு மரம் ஆடுனாலே வயித்தைக் கலக்கும். வெள்ளைச் சேலையும் தலைவிரி கோலமுமா நூறு பேயைக் கொண்டு வந்து காட்டுங்க, அவ யாரு பெத்த பொண்ணுன்னு சொல்லலன்னா அது வெறும் மேக்கப்தான்.

இதை அமெரிக்காக்காரன் சொல்லி நாம தெரிஞ்சுக்க வேண்டியதே இல்ல. போப்பா மலையில இருக்குற மின் மஹாகிரி யாரு? தகாங் ஊர்ல ஒரு கொல்லன், அவன் பலத்தைப் பார்த்து ராஜாவுக்கே பயம், அதனால அவன் தங்கச்சியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு, உறவுன்னு நம்பி வந்தவனைச் செண்பக மரத்துல கட்டிக் கொளுத்துனான், அண்ணன் எரியறதைப் பார்த்துத் தங்கச்சியும் அந்த நெருப்புலயே விழுந்துட்டா. ரெண்டு பேரும் அந்த மரத்துலயே நின்னு, நிழலுக்கு ஒதுங்குனவங்களை எல்லாம் அடிச்சாங்களாம். மரத்தை வெட்டி ஐராவதியில தள்ளுனா அது மிதந்து மிதந்து பகான்ல போய் ஒதுங்குச்சு, அங்க இருந்த ராஜா அதே கட்டையில ரெண்டு முகத்தையும் செதுக்கி மலையில கொண்டு போய் வச்சான். இன்னைக்கும் பர்மியர் வீட்ல சிவப்புத் துணி சுத்தித் தேங்காய் தொங்குதுல்ல, அது அவருக்குத்தான். பர்மியர் கும்பிடுற 37 நாட் தேவதைங்கள்ல முக்கால்வாசி இப்படி துர்மரணம் அடைஞ்சவங்கதான். திருவிழாவுல நாட் கடோ, அதாவது நாட் இறங்கி சாமியாடுறவங்க, ஆடும்போது பாடுற பாட்டு என்ன சொல்லுது? நான் இன்னாரு, இந்த ஊரு, என்னை இப்படிக் கொன்னாங்கன்னுதான் சொல்லுது. நம்ம உடுக்கைப் பாட்டுலயும் மதுரை வீரன் மாறுகால் மாறுகை வாங்குன கதையைத்தானே பாடுறாங்க? பேரைச் சொல்லி, பட்டதை எல்லாம் சொல்லிப் பாடுனாத்தான் அடிக்கிற பேய் காக்குற சாமி ஆகும்.

பாட்டுக்குப் பதில் சுருக்கமா சொல்லிடறேன். 1966ல வந்த 'யார் நீ' இந்திப் படத்தோட ரீமேக்கு, பாட்டுக்கு வேதா மியூசிக், சுசீலாம்மா குரல். 'நானே'ன்னு அந்தக் குரல் சொல்லுது, எந்த 'நான்'னு சொல்லல, படத்தோட பேரே அந்தக் கேள்விதான். ஆனா கடைசியில எல்லாம் சொத்துக்காக நடந்த சதின்னு முடிச்சுட்டாங்க, எனக்கு அங்க படம் செத்துப் போச்சு. பாட்டு மட்டும் படத்தை விட்டு வெளியில வந்து இன்னும் பதில் கிடைக்காம சுத்திட்டு இருக்கு. அதனால எனக்குப் பாட்டுதான் பெரிசு. கரண்ட் போன ராத்திரியில கேட்டுப் பாருங்க.

மோல்மேன்ல இருக்கீங்க, அதனால இன்னொண்ணும் சொல்லியே ஆகணும். உங்க ஊர்ல இருந்து தெக்கே 60 கிலோமீட்டர் சொச்சம் போனா தான்பியுசயாட், அங்க இருக்குற யுத்தக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்திருக்கீங்களா? அங்க இருந்து சயாமுக்கு, அதாவது இப்பத்தைய தாய்லாந்துக்கு, 415 கிலோமீட்டர் ரயில் பாதை, 1942ல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல ஜப்பான்காரன் முடிச்சான். அந்தத் தோட்டத்துல பிரிட்டிஷ், ஆஸ்திரேலியான்னு காமன்வெல்த் ஆளுங்க 3,149 பேரு, டச்சுக்காரங்க 621 பேரு. வரிசை வரிசையா பேரு, ரெஜிமென்ட், வயசு. 22, 24ன்னு படிச்சுக்கிட்டே நடந்தா நெஞ்சு அடைக்கும். யாருன்னு தெரியாதவங்களுக்குக் கூட ஆண்டவனுக்குத் தெரியும்னு எழுதிக் கல்லு வச்சிருக்கான், அது பெரிய மரியாதை. அந்தப் பாதை போட ஜப்பான்காரன் வேலை வாங்குன யுத்தக் கைதிங்கள்ல செத்தவங்க சுமார் 13 ஆயிரம். கூலியா வந்து செத்தவங்க 80 ஆயிரத்துல இருந்து 1 லட்சம் வரைக்கும்னு கணக்கு. மலாயா ரப்பர் தோட்டத்துல இருந்து ஏத்திட்டு வந்த தமிழங்க, இங்க 'வேர்வைப் படை'ன்னு சொல்லிப் பிடிச்சுட்டுப் போன பர்மா ஜனங்க, காலரா, சீதபேதி, மலேரியா, பட்டினி. 8 நாள் சாப்பாடு குறைஞ்சதுக்கே அந்தப் படத்துல முகம் அப்படி ஆகுதுன்னா, மாசக்கணக்குல மழையில கல்லு சுமந்தவங்க முகம் எப்படி இருந்திருக்கும்? அந்தத் தோட்டத்து வரிசையில நான் மூணு தரம் நடந்திருக்கேன், நம்ம கூலி ஜனத்துல ஒருத்தர் பேரும் என் கண்ணுல படல.

எங்க அப்பத்தாவோட அண்ணன் அப்படிப் போனவருதான். முடோன் பக்கத்துல இருந்து கூட்டிட்டுப் போனாங்க, திரும்பல. அப்பத்தா ராத்திரி சோறு போடும்போது ஒரு கவளம் தனியா எடுத்து வாசல்ல வைக்கும். யாருக்குன்னு கேட்டா 'எங்கண்ணனுக்கு'ன்னு சொல்லும். சாகுற வரைக்கும் எங்கண்ணன், எங்கண்ணன்தான், ஒரு நாளும் பேர் சொன்னதில்ல. நானும் கேக்கல. எனக்குக் கேக்கணும்னு தோணுனப்ப கேக்குறதுக்கு அப்பத்தா இல்ல, அந்தத் தலைமுறையிலயே யாரும் இல்ல. இப்ப எங்க வீட்டு ஆளு ஒருத்தர் அந்த ரயில் பாதை ஓரத்துல எங்கயோ கிடக்கார், அவரை என்னன்னு கூப்பிடுறதுன்னு எனக்குத் தெரியாது.

உங்க வீட்ல பெரியவங்க யாராச்சும் இருந்தா இன்னைக்கு ராத்திரியே பக்கத்துல உக்காந்து கேளுங்க. அந்தப் பாதைக்குப் போனவங்க, 1942ல ஜப்பான்காரனுக்குப் பயந்து இந்தியாவுக்கு நடந்தே போய் வழியில விழுந்தவங்க, யாரா இருந்தாலும் சரி, பேரு, அப்பா பேரு, எந்த ஊர்ல இருந்து போனாங்க, இவ்வளவு எழுதி அனுப்புங்க. அடுத்த இதழ்ல இந்தக் கேள்வி-பதில் பக்கத்தையே அதுக்கு விட்டுடறேன். அனுப்புறவங்க பேரையும் கீழ போடுங்க அண்ணே.