வலசை வந்தால் மரபணு மாறுமா?

கேள்வி: இயற்கைத் தேர்வு ஓர் அல்லீலை (ஒரு மரபணுவின் மாற்று வடிவங்களில் ஒன்றை) கூட்டுகிறது. வெளியிலிருந்து வரும் பறவைகள் அதைக் குறைக்கின்றன. கடைசியில் எது நிற்கும்? வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகளையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாமா?
– கல்லூரி மாணவி, கரூர்

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். குளிர்காலத்தைக் கழிக்க மட்டும் வருபவற்றைச் சேர்க்கக் கூடாது. வேடந்தாங்கலில் குளிர்காலத்தைக் கழிக்கும் ஊசிவால் வாத்து வடக்கே திரும்பிப் போய்த்தான் முட்டையிடுகிறது. அது எத்தனை ஆயிரம் வந்தாலும் இங்குள்ள பறவைகளின் மரபணுவில் ஒன்றும் சேராது. மரபியலில் இடப்பெயர்வு என்பது வந்த இடத்திலேயே இணைசேர்ந்து குஞ்சு பொரிப்பது. 'வலசை' என்ற சொல்லை அதற்கும் பயன்படுத்துவதால்தான் இந்தக் குழப்பம்.

இனி கணக்கு. ஒரு தீவில் 'அ' அல்லீலின் பங்கு 0.6, வெளியில் 0.2, மீதி 'ஆ' என்று வைத்துக்கொள்வோம். இனம்பெருக்கும் பறவைகளில் பத்தில் ஒன்று வெளியிலிருந்து வந்தது. அடுத்த தலைமுறையில்:

0.9 × 0.6 + 0.1 × 0.2 = 0.56

தேர்வு குறுக்கிடாவிட்டால், இரு இடங்களுக்குமான வித்தியாசம் தலைமுறைக்குப் பத்து சதவீதம் கரையும்: 0.4, 0.36, 0.324...

இப்போது தேர்வு. ஒவ்வொரு குஞ்சும் தாயிடமிருந்து ஓர் அல்லீலையும் தந்தையிடமிருந்து ஒன்றையும் பெறுகிறது. பிழைக்கும் வாய்ப்பு 'அஅ'வுக்கு 1, 'அஆ'வுக்கு 0.9, 'ஆஆ'வுக்கு 0.8 என்றால், குஞ்சுகளில் இவற்றின் பங்கு முறையே 0.56 × 0.56 = 0.3136, 2 × 0.56 × 0.44 = 0.4928, 0.44 × 0.44 = 0.1936. வாய்ப்பால் பெருக்கிக் கூட்டினால் 0.912. பிழைத்த 'அஆ'வில் பாதிதான் 'அ' என்பதால், பிழைத்தவற்றில் 'அ'வின் பங்கு (0.3136 + 0.2218) ÷ 0.912, அதாவது 0.587. 0.04 போயிற்று, 0.027 திரும்பி வந்தது. தலைமுறைதோறும் இதைத் தொடர்ந்து போட்டுப் பாருங்கள்: 'அ' அழிவதுமில்லை, 0.6-க்குத் திரும்புவதுமில்லை. 0.48 அருகே நின்றுவிடும்.

நெதர்லாந்தின் வ்லீலாண்ட் தீவில் இந்த இழுபறியைக் கண்ணால் காணலாம். அங்கே பெரிய பட்டாணிக்குருவிகள் தீவின் கிழக்கிலும் மேற்கிலுமாகச் சில கிலோமீட்டர் இடைவெளியில் வாழ்கின்றன. முதன்முறை கூடு கட்டுபவற்றில் தீவுக்கு வெளியே பிறந்தவை கிழக்கில் 13 சதவீதம், மேற்கில் 43 சதவீதம். தீவில் குறைவாக முட்டையிடும் மரபுக்கே தேர்வு சாதகம். கிழக்கில் அந்த மரபு நிலைத்திருக்கிறது. அங்குள்ள பெட்டைகள் மேற்கைவிடச் சராசரியாக ஏறத்தாழ ஒரு முட்டை குறைவாக இடுகின்றன. மேற்கில் வரவு அதிகம், தேர்வு செய்ததை அது கரைத்துவிடுகிறது. ஆனால் முட்டை எண்ணிக்கையைப் பல மரபணுக்கள் தீர்மானிப்பதால், மேலே போட்ட ஒற்றை அல்லீல் கணக்கை அப்படியே அதன்மேல் பொருத்த வேண்டாம்.

மாணவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பறவைகள் வந்த பருவத்திலேயே இரத்த மாதிரி எடுத்து, பழையவற்றையும் புதியவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஹார்டி-வைன்பெர்க் சூத்திரத்தில் (அல்லீல்களின் பங்கிலிருந்து 'அஅ', 'அஆ', 'ஆஆ' வகைகளின் பங்கை மேலே கணித்த அதே முறை) போடுவார்கள். இன்னும் கலந்து இணைசேராத கூட்டம் அது. அதனால் 'அஆ' வகை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வரும். உடனே அதைத் தேர்வு கொன்றுவிட்டது என்று எழுதிவிடுவார்கள். ஒரு தலைமுறை தற்செயலாகக் கலந்து இணைசேர்ந்த பின், குஞ்சுகளில் எண்ணினால் அந்தக் குறை மறைந்துவிடும்.