ஒரு பிள்ளைச் சட்டம்: வன்னியிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்

கிளிநொச்சியில் புவியியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். சனத்தொகை பற்றிக் கேட்டவர்களுக்கு இதோ பதில்.

ஒட்டுசுட்டான், உயர்தர மாணவி: சேர், சீனாவில் பிறப்பு குறைந்ததற்கு ஒரு பிள்ளைச் சட்டம்தானே காரணம்?

ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பாருங்கள் பிள்ளை. 1970இல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு பிள்ளைகள் அளவில். 1979இல் அது மூன்றுக்கும் கீழே வந்துவிட்டது. ஒரு பிள்ளைக் கட்டுப்பாடு நாடு முழுக்க இறுகியது 1980இல். பெரிய இறக்கம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. பிந்திக் கல்யாணம், இடைவெளி விட்டுக் குறைவாகப் பெறுதல் என்று 70களிலும் அரசு நெருக்கியது உண்மைதான். ஆனால் தாய்லாந்து இப்படி ஒரு சட்டமும் போடாமலே 1970க்கும் 1990க்கும் இடையில் ஐந்தரையிலிருந்து இரண்டளவுக்கு இறங்கியது. எங்கள் நாட்டிலும் சட்டம் இல்லை. பெண்பிள்ளைகள் படித்தார்கள், பிறந்த பிள்ளைகள் தப்பி வளர்ந்தார்கள், மருத்துவமாது வீடு தேடி வந்தார். அவ்வளவுதான்.

வவுனியா, கடை வைத்திருப்பவர்: ஐயா, சட்டத்தை எடுத்தபிறகும் அங்கே ஏன் பிள்ளைகள் கூடவில்லை?

2016இல் இரண்டு பெறலாம் என்றார்கள், 2021இல் மூன்று. 2022இலிருந்து சீனாவின் சனத்தொகையே குறைகிறது. வீட்டு விலையும் படிப்புச் செலவும் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தாயாக வேண்டிய பெண்களே குறைவு. ஒன்றுதான் என்றால் ஆணாக இருக்கட்டும் என்று கருவிலேயே பெண்ணை அழித்தார்கள். வழமையாக 100 பெண் குழந்தைக்கு 105 ஆண் பிறக்கும். 2004 அளவில் அங்கே 120ஐத் தொட்டது.

எனக்கு மனம் பொறுக்காதது வேறொன்று. சட்டத்தை மீறிப் பிறந்த பிள்ளைகளைப் பல குடும்பங்கள் பதியவே இல்லை. 2010 கணக்கெடுப்பில் குடும்பப் பதிவு இல்லாதவர்கள் சுமார் 1 கோடி 30 இலட்சம் பேர். பதிவு இல்லாவிட்டால் பள்ளிக்கூடமும் வைத்தியமும் பெரும்பாடு. இடம்பெயர்ந்தபோது பிறப்புச் சான்றிதழைத் தொலைத்துவிட்டு அலைந்த எங்களுக்கு இது விளங்கும்.

முறிகண்டி, மூன்று பிள்ளைகளின் தாய்: ஐயா, பிள்ளை தங்காமல் இருக்கக் கைக்குள் குச்சி வைக்கச் சொல்லுகினம். மாட்டன் எண்டால் அஸ்வெசும வெட்டுப்படுமோ?

இல்லை தங்கச்சி. அஸ்வெசும என்ற அரசு நிவாரணக் காசுக்கும் இந்தக் கருத்தடைக் குச்சிக்கும் தொடர்பில்லை. இலங்கையில் இத்தனை பிள்ளைதான் என்று சட்டமே கிடையாது. அந்தக் குச்சி ஐந்து வருடம் வேலை செய்யும். விரும்பினால் இடையில் எடுப்பிக்கலாம். கேட்டு, விளங்கி, நீங்கள் சம்மதித்தால் மட்டும் வையுங்கள்.

புதுக்குடியிருப்பு, இளைஞர்: எங்கட சனம் குறையுது. ஆளுக்கு நாலு பிள்ளை பெறச் சொல்ல வேண்டாமா?

தம்பி, உங்கள் கவலை நியாயம். வடமாகாணத்தில் 1981இல் சுமார் 11 இலட்சம் பேர், 2012இல் பத்தரை இலட்சம். அதே காலத்தில் முழு நாடும் ஒன்றரைக் கோடியிலிருந்து இரண்டு கோடியைத் தாண்டியது. ஆனால் எங்கள் பெண்கள் பெறாததால் வந்த குறைவில்லை இது. செத்தவர்களும் கடல் கடந்தவர்களும்தான் காரணம்.

பெறு என்று நெருக்கினாலும் அதே கொடுமைதான். ருமேனியா 1966இல் கருக்கலைப்பைத் தடை செய்தது. அடுத்த வருடம் பிறப்பு ஏறக்குறைய இரட்டித்தது, பிறகு மளமளவென்று இறங்கியது. களவாகக் கலைக்கப் போன தாய்மார் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். கணவனை இழந்து தனியே பிள்ளை வளர்க்கும் பெண்கள் எத்தனை பேர் உங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள்? முதலில் அவர்களின் பிள்ளைகளைப் பாருங்கள்.

அப்புறம், சனம் குறைவதோடு சேர்த்துப் பேசப்படும் பாராளுமன்ற ஆசனக் கணக்கு. கிளிநொச்சியும் சேர்ந்த யாழ் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9, 2024இல் 6. பெரும்பாலும் பதிந்த வாக்காளர் தொகையை வைத்துத்தான் அதைப் பிரிக்கிறார்கள். 18 வயது வந்தும் பெயர் பதியாதவர்கள் இருந்தால் கிராம சேவகரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.